சறுக்குக் கோணம்: ‘ஓய்வு’ ஏன் பொருந்தாது?

களத்தில் தூற்றிய நெல்லை மரக்கால் மரக்காலாகக் கொட்டிக் குவிக்கும்போது, குவியல் உயர உயர அதன் அடியும் அகன்றுகொண்டே போகுமே தவிர, பக்கத்தின் சாய்வு மாறுவதில்லை. உச்சியில் இன்னும் ஒரு கை நெல்லைப் போட்டால் அது பக்கவாட்டில் ஓடி இறங்கி, பழைய சாய்வையே மீண்டும் உண்டாக்கிவிடும். ஒட்டுத்தன்மை இல்லாத பொருள் தானாகக் குவியும்போது கிடைமட்டத்தோடு ஏற்படுத்திக்கொள்ளும் இந்தப் பெருமச் சாய்வை ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் ஆஃப் ரிப்போஸ்’ என்பார்கள். தமிழ்ப் பாடநூல் வழக்கு ‘சறுக்குக் கோணம்’ என்பது. நிலக்கரிச் சுரங்கத்தில் அகற்றிக் கொட்டிய மேல்மண்ணும் உடைகல்லும் சேர்ந்த மேடு, சுரங்கத்தார் பேச்சில் ‘ஓ.பி. டம்ப்’, நிற்குமா சரியுமா என்று கணிக்க உட்காருபவர் முதலில் தேடும் எண்களுள் இது ஒன்று.

‘ரிப்போஸ்’ என்பதன் வேர், நிறுத்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘பௌசிஸ்’. அது இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே உருண்டுவந்த மணி நின்றுவிட்ட நிலைக்கு ஆங்கிலம் பெயர் வைத்திருக்கிறது. அதை அப்படியே பெயர்த்து ‘ஓய்வுக் கோணம்’ என்று எழுதினால் பொருள் கெடுகிறது. ஓய்வு என்பது நமக்கு வேலை முடிந்து அமர்வது, ஆனால் இந்தக் கோணத்தில் நிற்கும் குவியலோ இன்னும் ஒரு பாகை கூடினால் இறங்கிவிடும் விளிம்பில் நிற்கிறது.

தமிழில் வழுக்குவதற்கு ஈரமோ வழவழப்போ வேண்டும். சறுக்குவதற்குச் சாய்வு ஒன்றே போதும். சரிவதோ திரண்டு நின்றது மொத்தமாக இறங்குவது. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்னும்போது பிடி விடும் அந்த நொடியைத்தான் சொல்கிறோம். ஒரே கோணத்தை ஆங்கிலம் நின்ற பக்கத்திலிருந்து பார்க்கிறது, தமிழ் சறுக்கப்போகும் பக்கத்திலிருந்து பார்க்கிறது. மண்மேட்டைக் கணிப்பவருக்கு உதவுவது இரண்டாவது பார்வை என்பது என் எண்ணம்.

கணக்கும் அதையே காட்டுகிறது. மண்ணின் வலிமையை உராய்வு, ஒட்டுத்தன்மை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் (1773). ஒட்டுத்தன்மை இல்லாத உலர்ந்த மேட்டில், உராய்வுக் கோணத்தின் (துகள்களுக்கு இடையிலான உராய்வைக் கோணமாகச் சொல்லும் அளவு) டேன்ஜென்டைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் வலிமை இறக்கும் விசையைப் போல் எத்தனை மடங்கு என்பது. அது 1-க்குக் கீழே போனால் மேடு சரியும். லாரி கொட்டியபடியே விட்ட மேடு, 37 பாகை உராய்வுள்ள பொருளில் 37 பாகையில்தான் நிற்கும். காரணி சரியாக 1, அதாவது கையிருப்பு எதுவும் இல்லை. சாய்வை 1 பங்கு உயரத்துக்கு 2 பங்கு கிடைநீளம் என்று, ஏறத்தாழ 26.6 பாகைக்குத் தணித்தால் காரணி 1.5 ஆகிறது. இந்திய நிலக்கரிச் சுரங்க விதிமுறைகள் மேட்டின் சாய்வு எந்த நிலையிலும் 37.5 பாகையைத் தாண்டக் கூடாது என்றும், 30 மீட்டருக்கு மேல் உயரும் மேட்டைப் படிக்கட்டுபோல் படிகளாக அமைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

ஆயினும் இக்கோணம் உலர்ந்த பொருளுக்கு உரியது. மேடு முழுவதும் நனைந்து, நீர் சாய்வுக்கு இணையாகக் கசிந்து இறங்கும்போது, துளைநீர் அழுத்தம் (துகள்களின் இடைவெளிகளில் நிறைந்த நீரின் அழுத்தம்) துகள்களை ஒன்றோடொன்று அழுந்தவிடாமல் தாங்கிக்கொள்வதால், காரணி ஏறத்தாழப் பாதியாகிவிடும். உலர்ந்திருந்தபோது 1.5 இருந்த மேட்டுக்கு அப்போது 0.75 மட்டுமே மிஞ்சும். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஊற்றுகள் இருந்த இடத்தில், 1958-இல் கொட்டத் தொடங்கிய 7-ஆம் எண் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு, 1966 அக்டோபர் 21 காலையில் குழம்பாகிப் பாய்ந்து தொடக்கப் பள்ளியையும் வீடுகளையும் மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். கொட்டிய பொருளின் கோணத்தை மட்டும் அளந்திருந்தால் அந்த ஊற்றுகள் கணக்கில் வந்திருக்காது. இத்தகைய மேடுகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் பிரிட்டனில் 1969-இல்தான் வந்தது.

துணைச்சொல் ஒன்றிலும் கவனம் வேண்டும். இத்துறையைச் ‘சரிவு நிலைத்தன்மை’ என்று எழுதுகிறார்கள். ‘சரிவு’ சாய்ந்த பரப்பையும் குறிக்கும், இடிந்து இறங்குவதையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் ‘மண்சரிவு’ என்றாலே பேரிடர்தான். ‘சரிவு நிலைத்தது’ என்று ஓர் அறிக்கையில் படித்தால், மேடு உறுதியாக நிற்கிறதா, இறங்கிய மண் இறங்கி நின்றதா என்று தெரியாது. பரப்புக்குச் ‘சாய்வு’, நிகழ்வுக்குச் ‘சரிவு’ என்று வைத்துக்கொண்டு, ‘சாய்வு நிலைப்பு’ என எழுதினால் இந்தக் குழப்பம் வராது.