ஃப்ரெடி மெர்க்குரியை ஏன் இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்?

2017 ஜூலை 1ஆம் தேதி, லண்டன் ஹைட் பார்க். 65,000 பேர் கிரீன் டே என்கிற அமெரிக்க பங்க் ராக் குழுவைப் பார்க்கக் கூடியிருக்கிறார்கள். குழு இன்னும் மேடைக்கு வரவில்லை. நேரம் போக வேண்டுமே என்று ஒலிபெருக்கியில் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'போஹிமியன் ராப்சடி'யைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டை மொத்தக் கூட்டமும் பாடித் தீர்த்தது, நடுவில் வரும் அந்தக் கிறுக்குத்தனமான ஓபரா (மேற்கத்திய இசைநாடகப் பாணி) பகுதியையும் விடாமல். கிடார் வாசிப்பு வந்தபோது அதையும் வாயாலேயே வாசித்தார்கள். பாட்டு வந்தது 1975இல். பாடிய ஃப்ரெடி மெர்க்குரி இறந்தது 1991இல். அந்தக் கூட்டத்தில் இளைஞர்களும் இருந்தார்கள், ஃப்ரெடி உயிரோடு இருந்த காலத்தில் பலர் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? "நல்ல பாட்டு, அதனால் நிற்கிறது" என்றால் போதாது. நல்ல பாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் சீண்டுவதில்லை. குரல், மூளை, உடல் மூன்றும் சேர்ந்து ஏதோ வேலை செய்கின்றன. அதில் கொஞ்சத்தை விஞ்ஞானிகள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ஃப்ரெடியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா, 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், பெற்றோர் குஜராத் பக்கம். படித்தது மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கேயே தி ஹெக்டிக்ஸ் என்று ஒரு பேண்டு, அதில் இவர் பியானோ. 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. 1970இல் கிடார் கலைஞர் ப்ரையன் மே, டிரம்மர் ரோஜர் டெய்லர் இவர்களோடு சேர்ந்து குவீன். அடுத்த வருடம் ஜான் டீக்கன் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். ப்ரையன் மே பாதியில் விட்ட வானியற்பியல் ஆய்வை 2007இல் முடித்து முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, குரலுக்கு வருவோம். எந்த ரசிகரைக் கேட்டாலும் "நாலு ஸ்தாயி குரல்" என்பார். 2016இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த குரலியல் ஆய்வாளர் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட்டும் ஸ்வீடன்காரர்கள் சிலரும் ஃப்ரெடியின் பதிவுகளையும் பேட்டிகளையும் எடுத்து அலசினார்கள். நாலு ஸ்தாயிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் பார்த்த பாடல் பதிவுகளில் கிடைத்தது மூன்று ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல். ரசிகர்களுக்கு இது கசக்கும், ஆனால் மற்றது எல்லாம் இதைவிடச் சுவாரசியம்.

பேட்டிகளில் அவர் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு சுமார் 117 தடவை அதிர்ந்தன. இது பாரிட்டோன், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண் குரல். ஆனால் பாடியதெல்லாம் டெனர், அதாவது உச்ச ஆண் குரலின் உயரத்தில். இயல்பான இடத்தை விட்டு மேலே ஏறி நின்றுதான் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் பாடியிருக்கிறார். அப்புறம் வைப்ராட்டோ, நீட்டிப் பிடித்த சுரம் லேசாக மேலும் கீழும் அலைவது. பயிற்சி பெற்ற பாடகர்களுக்கு இது நொடிக்கு ஐந்தரை முதல் ஏழுக்குள் இருக்கும், ஒழுங்காகவும் இருக்கும். ஃப்ரெடிக்கு சராசரியே ஏழு, அதுவும் சீராக இல்லை. வேகமான, ஒழுங்கு தவறிய இந்த நடுக்கம் கிட்டத்தட்டக் கைரேகை மாதிரி. குரலைப் போலி செய்கிறவர்கள் சுரத்தைப் பிடித்துவிடுவார்கள், இதில் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது விஷயம்தான் எனக்குப் பிடித்தது. அந்த உறுமல். குரல்நாண்களுக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன, போலிக் குரல்நாண்கள் என்று சொல்லலாம். நாம் பேசும்போதும் பாடும்போதும் அவை சும்மா இருக்கும். ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாடகர்கள் போன்ற சிலர்தான் அவற்றை வேண்டுமென்றே அதிர வைப்பார்கள். ஃப்ரெடியின் தொண்டைக்குள் இப்போது பார்க்க முடியாதே, அதனால் ஆய்வுக் குழு அவரைப் போலவே உறுமிப் பாடத் தெரிந்த ஒரு ராக் பாடகரைப் பிடித்து, தொண்டைக்குள் குழாய்க் கேமராவை விட்டு, நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் வேகத்தில் எடுத்தது. பார்த்தால், உண்மையான குரல்நாண்கள் மூன்று தடவை அதிரும்போது மேலே உள்ள மடிப்புகள் ஒரு தடவை அதிர்கின்றன, மூன்றுக்கு ஒன்று என்று பூட்டுப்போட்ட மாதிரி. பாடும் சுரத்துக்கு அடியில் அதன் மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் இன்னொரு ஒலி பிறக்கிறது. காதுக்கு அது கரகரப்பு.

இங்கே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஆய்வில் உள்ளதல்ல. ஒருவர் 300 ஹெர்ட்ஸில் பாடுகிறார் என்றால் கீழே பிறப்பது 100 ஹெர்ட்ஸ். 2015இல் லுக் ஆர்னலும் கூட்டாளிகளும் மனித அலறலை ஆராய்ந்தபோது, அலறலைச் சாதாரணப் பேச்சிலிருந்து பிரிப்பது 30க்கும் 150 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஒலி படபடக்கும் கரடுமுரடுதான் என்றும், அதைக் கேட்டதும் மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா சட்டென்று விழித்துக்கொள்கிறது என்றும் கண்டார்கள். என் கணக்குப்படி ஃப்ரெடியின் உறுமல் அந்த எல்லைக்குள் விழக்கூடியது. இனிமையான மெலடிக்குள் ஒரு சொட்டு அலறல். மூளை தூங்க முடியாது.

ஆனால் குரல் மட்டும் காரணம் என்றால் நாம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்போம், ஹைட் பார்க்கில் நடந்தது அதல்ல. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: குவீன் நிலைத்ததற்கு முக்கியக் காரணம், அவர்கள் ரசிகனின் தொண்டையிடமும் கை கால்களிடமும் வேலை வாங்கினார்கள். அதுவும் தெரிந்தே.

1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் பிங்லி ஹால் கச்சேரி. முடிந்து மேடையை விட்டு இறங்கியும் கூட்டம் கலையவில்லை, கால்பந்து மைதானங்களில் பாடும் ஒரு பாட்டை எடுத்துக் குழுவை நோக்கிப் பாட ஆரம்பித்துவிட்டது. ப்ரையன் மே யோசித்தார்: நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலால் தரையை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அதிலிருந்து பிறந்தது 'வி வில் ராக் யூ'. இரண்டு மிதி, ஒரு தட்டு, ஒரு வெற்றிடம். டும் டும் டப், இடைவெளி. கடைசியில் கிடார் நுழையும் வரை வாத்தியமே கிடையாது, டிரம்ஸ்கூடக் கிடையாது.

பதிவு செய்தது வடக்கு லண்டனில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றிலிருந்த ஸ்டூடியோவில். அங்கே கிடந்த பழைய மரப் பலகைகளின் மேல் குழுவினர் மிதித்தார்கள், பலமுறை பதிவெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாலைந்து பேர் மிதிப்பது ஆயிரக்கணக்கானோர் மிதிப்பதாகக் கேட்க வேண்டும். இங்கேதான் இயற்பியல் மூளை உதவியது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், அதனால் பெரிய கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரின் தட்டல் உடனேயும் நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் தட்டல் கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்தும் காதுக்கு வரும். எனவே மே ஒவ்வொரு தட்டலையும் பலவிதத் தாமதங்களில் திரும்பத் திரும்பச் சேர்த்தார். தாமதங்களை 2, 4, 6 என்று ஒரே எண்ணின் மடங்குகளாக வைத்தால் அவை ஒன்றுசேர்ந்து வெறும் எதிரொலியாகத்தான் கேட்கும், குகைக்குள் கத்துகிற மாதிரி. அதனால் பகா எண்களின் விகிதத்தில் வைத்தார். பகா எண்கள் ஒன்றையொன்று வகுக்காது, எனவே தாமதங்கள் ஒரே இடத்தில் வந்து குவியாமல் சிதறிக் கிடக்கும். கேட்பவருக்குத் தான் ஒரு கூட்டத்தின் நடுவில் நிற்பது போலவே இருக்கும். வீட்டில் தனியாகக் கேட்டாலும் சரி.

வேகத்தையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு சுமார் 81 அடிகள், ஒரு அடிக்கு முக்கால் நொடி. கடைசி வரிசைக்காரர் 0.3 நொடி பிந்தினாலும் அந்த வெற்றிடம் அதை விழுங்கிவிடும், தாளம் கலையாது. இது திட்டமிட்டதா என்றால், மிதிக்கிற கால் தானாகவே அந்த வேகத்துக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.

சேர்ந்து பாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழு செய்த வேலைகள் இருக்கின்றன. ஒரே தாளத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடுகிறது. உடம்பே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபின் சுரப்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு ஆய்வில், புதிதாகப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும் கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்ந்தவர்களையும் ஏழு மாதம் தொடர்ந்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனால் பாடியவர்கள் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்களைச் சட்டென்று சேர்க்கும் பசை அது, ஒரு கச்சேரிக்கு வேறென்ன வேண்டும்? 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி, 72,000 பேர், குவீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடச் சொச்சம். அந்தப் பொன்னான நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து ஃப்ரெடி "ஏஏஏ... ஓ" என்று குரல் கொடுத்துக் கூட்டத்தைத் திருப்பிப் பாடச் சொல்லி விளையாடினார். மற்ற குழுக்கள் இன்னொரு பாட்டைச் சேர்த்திருப்பார்கள்.

இனி மூளை. 2011இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆட்களை, கேட்டால் உங்களுக்கே புல்லரிக்கும் பாட்டைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிச் சோதித்தார்கள். புல்லரிக்கும் கணத்தில் இன்பத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனமான டோபமைன் சுரந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கணம் வருவதற்குச் சில நொடிகள் முன்னாலேயே, மூளையின் வேறொரு பகுதியிலும் சுரந்தது. 'இதோ வரப்போகிறது' என்ற காத்திருப்புக்கே பரிசு! பாட்டு எவ்வளவு மனப்பாடமோ அவ்வளவு நன்றாகக் காத்திருக்க முடியும். ஓபரா முடிந்து கிடார் இடியாக இறங்கும் அந்த இடத்துக்கு ரசிகர்கள் முன்கூட்டியே தலையை ஆட்டத் தயாராவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்நூறாவது தடவையும் சலிக்காததன் இரகசியத்தில் பாதி இதுதான்.

பதின்ம வயதுக்கும் இருபதுகளுக்கும் நடுவில் கேட்ட பாட்டுகள்தான் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, உளவியலிலும் பலமுறை நிரூபணமானது. அதனால் 1975இல் பதினைந்து வயதானவர்கள் இன்று அறுபதைத் தாண்டியும் குவீன் பைத்தியமாக இருப்பதில் வியப்பில்லை. அவர்களுடைய பிள்ளைகள்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹான்ஸல் 2013இல் இருபது வயதுக்காரர்களிடம் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலப் பாட்டுகளுக்கு அடுத்து, பெற்றோர் இளமையாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் ஒரு மேடு தெரிந்தது. நினைவும் பிரியமும் அங்கே மறுபடி ஏறின. அப்பா காரில் போட்ட கேசட் பிள்ளையின் சொந்த நினைவாகிவிடுகிறது. ஹைட் பார்க்கில் பாடிய இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தது காரின் பின் இருக்கையோ!

இறந்தவர் மேல் உள்ள பாசம் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். 1956லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு பேர் இதை எழுதிவிட்டார்கள்: வானொலி, தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் ஒருவரோடு நேயர்களுக்கு ஒருதலைப்பட்சமான, ஆனால் நிஜ உறவு மாதிரியே உணரும் நெருக்கம் வளர்கிறது. மனிதக் குரலுக்கென்றே காதோரத்து மூளைப் பகுதியில் தனி இடங்கள் இருக்கின்றன, பழகிய குரலை அது ஆளாகவே எடுத்துக்கொள்கிறது. ஃப்ரெடி தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்தது 1991 நவம்பர் 23. மறுநாள் இறந்துவிட்டார், வயது 45. ரசிகர்களுக்கு விடைபெற ஒரு நாள்தான் கிடைத்தது. கென்சிங்டனில் அவர் வாழ்ந்த வீட்டின் தோட்டச் சுவரிலும் பச்சைக் கதவிலும் உலகமெங்கிருந்தும் வந்தவர்கள் வருடக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள், எழுத இடமில்லாத அளவுக்கு. 2023இல் அந்தக் கதவு லண்டன் ஏலத்தில் நாலு லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. விலை மரத்துக்கு அல்ல, கிறுக்கலுக்கு.

குழு நிற்கவில்லை. ஜான் டீக்கன் ஒதுங்கிவிட்டார், ப்ரையன் மேயும் ரோஜர் டெய்லரும் பின்னால் அமெரிக்கப் பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடு ஊர் ஊராகப் போனார்கள். பழைய ரசிகர்களில் சிலருக்கு இது பிடிக்காது, எனக்குக் குறை தெரியவில்லை, ஏனென்றால் லாம்பர்ட் ஃப்ரெடியாக நடிப்பதில்லை. அந்த ஒழுங்கற்ற வைப்ராட்டோவைப் போலி செய்யப் போயிருந்தால் காது உடனே கண்டுபிடித்து ஒதுக்கியிருக்கும். ஃப்ரெடியின் வேலையை ஃப்ரெடியிடமே விட்டுவிட்டார்கள்: திரையில் பழைய காணொளி ஓடும், "ஏஏஏ... ஓ" என்று குரல் வரும், கூட்டம் பதில் கொடுக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் இதைத்தான் செய்தார்கள், 1986 வெம்ப்ளி காட்சியைத் திரையில் போட்டு. அரங்கம் முழுவதும் பதில் பாடியது.