எட்டாம் வகுப்பு வரை ‘ஆல் பாஸ்’: எந்தப் பள்ளிக்குப் பொருந்தும்?

பக்கத்து வீட்டுப் பையன் கேந்திரிய வித்யாலயாவில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். நம் வீட்டுப் பெண் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்பு. இருவரும் கணக்கில் தவறினால் அவனை அதே வகுப்பில் மீண்டும் உட்காரவைக்கலாம்; இவளை உட்காரவைக்க முடியாது. ஒரே நாடு, ஒரே சட்டம். பிறகு ஏன் இப்படி?

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்திவைக்கவோ பள்ளியைவிட்டு நீக்கவோ கூடாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. ஐந்திலும் எட்டிலும் ஆண்டு இறுதித் தேர்வு உண்டு. தவறியவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வந்த 2 மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தவறினால் நிறுத்திவைக்கலாமா என்பதை ‘உரிய அரசு’ முடிவு செய்யும். மற்ற ஆறு வகுப்புகளில் நிறுத்திவைக்கத் திருத்தத்துக்குப் பிறகும் இடமில்லை.

குழப்பமெல்லாம் அந்த ‘உரிய அரசு’ என்ற சொல்லில்தான். மத்திய அரசு நடத்தும் பள்ளிகளுக்கு மத்திய அரசு; மாநிலத்தில் உள்ள மற்ற பள்ளிகளுக்கு மாநில அரசு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சைனிக் பள்ளிகளில் நிறுத்திவைக்க வழிசெய்யும் விதிகளை 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. தமிழ்நாட்டில் கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று மாநில அரசு அப்போதே சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது.

அப்படியானால் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகள்? அவற்றின் பாடத்திட்டம் டெல்லியில் இருந்து வரலாம். பள்ளியை நடத்துவது மத்திய அரசு அல்லவே. எனவே அவற்றுக்கும் உரிய அரசு தமிழ்நாடு அரசுதான். “நாங்கள் சி.பி.எஸ்.இ., எங்களுக்கு வேறு விதி” என்று அலுவலக அறையில் சொன்னால், எந்த அரசாணைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் நிலை மட்டும் வேறு. அவற்றுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அங்கே இந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவது கடினம்.

நீக்கக் கூடாது என்ற பாதி திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது, கேந்திரிய வித்யாலயா உட்பட. ஆனால் ‘நீக்குகிறோம்’ என்று எந்தப் பள்ளியும் வாய்விட்டுச் சொல்லாது. “பையனுக்கு இங்கே ஒத்துவரவில்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். கேட்காமல் டி.சி.யை நீட்டினால் வாங்க வேண்டியதில்லை. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். சட்டத்தின் 32ஆவது பிரிவுப்படி 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

ஆல் பாஸ் என்றால் தேர்வே கிடையாது என்று நினைப்பவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்கும் சிறுதேர்வுகளுக்கும் சேர்த்து வளரறி மதிப்பீடு 40, பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீடு 60 என்று வகுத்தார்கள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பருவத்துக்குப் பருவம் கண்டுபிடித்துச் சரிசெய்யத்தான் அந்த 40. பல வகுப்பறைகளில் அது பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கிப்போனது. வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள் என்ற ஆசிரியர்களின் புலம்பலில் உண்மை இருக்கிறது. ஆனால் ஐந்தாம் வகுப்பில் வாசிக்க வராத குழந்தைக்கு அதே பாடத்தை அதே விதமாக இன்னோர் ஆண்டு நடத்தினால் எப்படி வாசிப்பு வரும்? பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. தேர்ச்சி பற்றிப் பேசும் பெற்றோர் கூட்டங்களில் இந்தப் பிரிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாடும் ஒருமுறை தேர்வு வைக்கும் பக்கம் சாய்ந்தது. 2019-20இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்த அன்றைய அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் இந்தக் காப்பு எதுவும் கிடையாது. அங்கே நிறுத்திவைக்கச் சட்டம் குறுக்கே நிற்காது.