எடை ஏறியது, கொலஸ்ட்ரால் இறங்கியது: எப்படி?

உடம்பு பருத்தால் கொலஸ்ட்ராலும் கூடும், பிரஷரும் கூடும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். தனி மனிதரைப் பொறுத்தவரை அதில் பெருமளவு உண்மை உண்டு. ஆனால் நாடுகளின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மஜீத் எஸ்ஸாதியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 1980 முதல் 2008 வரையிலான அளவீடுகளைத் திரட்டி, 2011-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகளவில் உடல் பருமன் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கானது. அதே சமயம் மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பெரியவர்களின் சராசரி ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இறங்கியிருந்தன. எடை ஏறிக்கொண்டிருந்த அதே மக்களிடம்தான் இது நடந்தது.

இதைப் புரிந்துகொள்ள பின்லாந்தின் வடக்குக் கரேலியாவுக்குப் போகவேண்டும். ரஷ்ய எல்லையை ஒட்டிய மாகாணம். காடும் பால்பண்ணையும்தான் வாழ்க்கை. 1970 வாக்கில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஏதாவது செய்யுங்கள் என்று ஊர்க்காரர்களே அரசுக்கு மனுப் போட்டார்கள். 1972-ல் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டத்துக்குப் பொறுப்பேற்ற டாக்டர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்தால் ஆண்களின் சராசரி கொலஸ்ட்ராலே 265 மில்லிகிராமுக்கு மேல். இன்று 200-ஐத் தாண்டினாலே டாக்டர் முகத்தைச் சுளிக்கிறார். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், சமையலுக்கும் வெண்ணெய், குடிக்கக் கொழுப்பு நீக்காத பால் என்று சாப்பிட்டவர்கள் அவர்கள்.

வெண்ணெய் என்ன செய்கிறது? கொலஸ்ட்ராலைத் தூக்கிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் துகளுக்கு எல்டிஎல் என்று பெயர். அதை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. கல்லீரல் செல்களின் மேல்பரப்பில் இதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. துகள் வந்து ஒட்டியதும் ஏற்பி அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே விட்டுவிட்டு, சுமார் 10 நிமிடத்தில் மறுபடி மேலே வந்து அடுத்த துகளுக்குத் தயாராகிறது. இதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. துகள்கள் ரத்தத்திலேயே நீண்ட நேரம் சுற்றுகின்றன. எவ்வளவு நேரம் சுற்றுகின்றனவோ, அவ்வளவுக்கு ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கும் வாய்ப்பும் கூடும்.

முக்கியமான விஷயம் இதுதான்: வெண்ணெயை எடுத்துவிட்டு அதே அளவு கலோரிக்குத் தாவர எண்ணெய் ஊற்றினாலும், எடை ஒரு கிலோகூடக் குறையாமலே கொலஸ்ட்ரால் இறங்கும். காபியிலும் இதே கதை. பின்லாந்துக்காரர்கள் அன்று தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடித்தார்கள். அதில் கலந்துவரும் கஃபெஸ்டால் என்ற பொருள் கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காகித வடிகட்டிக்கு மாறியதும் இறக்கத்துக்கு ஒரு காரணம். இடுப்புச் சுற்றளவுக்கும் காகித வடிகட்டிக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் வந்த, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் இதே ஏற்பிகள் வழியாகத்தான் வேலை செய்கின்றன. கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அவை தடுக்கின்றன. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை வைத்து ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஜப்பானின் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து இதன் முதல் வடிவத்தைப் பிரித்தெடுத்தார். 1987-ல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது.

ரத்த அழுத்தத்தின் கடிவாளம் சிறுநீரகத்திடம் இருக்கிறது. உப்பு அதிகம் சாப்பிட்டால் உடம்பில் நீர் தேங்கும். பலருக்கு அழுத்தம் ஏறினால்தான் சிறுநீரகத்தால் அந்த உப்பை வெளியே தள்ள முடிகிறது. வடக்கு ஜப்பானின் அகிதாவில் 1950-களில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட உப்பு 25 கிராமுக்கு மேல்; பக்கவாதம் அங்கே சர்வசாதாரணம். மீனையும் காயையும் உப்பிலிட்டுக் காத்த வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது, அரசும் பிரசாரம் செய்தது, மாத்திரைகளும் வந்தன. ஜப்பானியரின் ரத்த அழுத்தம் இறங்கியது. அதே காலத்தில் இறைச்சியும் பாலும் கூடியதால் அவர்களது கொலஸ்ட்ரால் ஏறியது! ஒன்று இறங்க இன்னொன்று ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எடை மட்டும் ஏன் யாருக்கும் அடங்கவில்லை? உடம்பு அதை விட்டுக்கொடுக்காது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இளைத்தால் அதன் அளவு சரியும். மூளை அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டி, உடம்பின் சக்திச் செலவைக் குறைத்துவிடும். எண்ணெயை மாற்றினால் கல்லீரல் இப்படி எதிர்த்துப் போராடுவதில்லை.

வடக்குக் கரேலியாவில் 40 ஆண்டுகளில் ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 210 அருகே வந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அவர்களது சராசரி எடையோ கூடியிருந்தது. அதற்காகப் பருமனை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நீரிழிவைக் கொண்டுவருகிறது, ரத்த அழுத்தத்தையும் மேலே தள்ளுகிறது. எடை ஏறாமல் இருந்திருந்தால் இந்த இறக்கம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

கொலஸ்ட்ரால் சுமை இப்போது இடம் மாறிவிட்டது. 1980-ல் பெல்ஜியமும் பின்லாந்தும் இருந்த முன்வரிசையில் 2018-ல் மலேசியாவும் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் நின்றன. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 30 முதல் 79 வயதுக்குள், 1990-ல் சுமார் 65 கோடி. 2019-ல் சுமார் 128 கோடி. இவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. மருந்துகள் பழையவை, மலிவானவை. கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்து, மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழிசெய்தால் போதும் என்ற நிலையில் இத்தனை கோடிப் பேர் விடுபட்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பணக்கார நாடுகளால் மட்டுமே முடிகிற வேலையும் அல்ல இது: கோஸ்டாரிகாவும் கஜகஸ்தானும் 2019-க்குள் சிகிச்சை வீதத்தில் பல பணக்கார நாடுகளை எட்டிவிட்டன.