முகவரி இல்லாத பெட்டிக்கு முகவரி வைப்பது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிச் செருகினேன். அதற்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. கையேட்டைப் புரட்டினால், முதலில் ஒரு கட்டளையை அடித்துவிட்டு, 113 பைட் அளவில் ஒரு பிங் (கருவி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்னத் தகவல்) அனுப்பு என்று போட்டிருக்கிறது. அப்படியே செய்தேன். கார்டு உடனே ஐபி முகவரியை ஏற்றுக்கொண்டது! அதென்ன 113? மந்திர எண்ணா?"

மந்திரம்தான் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கும் ஆசை. ஆனால் உள்ளே நடப்பது தெரிந்தால் உங்களுக்கு இன்னும் பிடிக்கும்.

முதலில் இந்தக் கார்டு எதற்கு என்பதைச் சட்டென்று பார்த்துவிடுவோம். யூபிஎஸ்ஸும், ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாக அணைத்துப் போடக்கூடிய பவர் ஸ்ட்ரிப்புகளும் பெரும்பாலும் ஆள் இல்லாத அறைகளில்தான் இருக்கும். கரண்ட் போனால் பேட்டரி இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும், எந்த சர்வரை முதலில் நிறுத்துவது, தொங்கிப்போன ரவுட்டரை எப்படி அணைத்துப் போடுவது என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கார்டு. கைக்கடக்கமான ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முகவரி வைக்கச் சாதாரணமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சீரியல் கேபிளைச் செருகி, வேகத்தை 9600 என்று வைத்து, கறுப்புத் திரையில் தட்டச்சு செய்வது. இன்னொன்று, டிஎச்சிபி. நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு சர்வர், கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் போனுக்கு வைஃபையில் முகவரி கிடைப்பதும் இப்படித்தான். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கன் பவர் கன்வெர்ஷன் நிறுவனத்தின் பழைய கார்டுகள், சர்வர் கொடுக்கும் பதிலுக்குள் தங்கள் நிறுவனத்தின் முதலெழுத்துகள் அடங்கிய ஒரு சின்ன அடையாளக் குறிப்பு இருந்தால்தான் முகவரியை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டிஎச்சிபி ஒழுங்காக ஓடியும் கார்டுக்கு மட்டும் முகவரி வராமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கேபிளும் இல்லை, டிஎச்சிபியும் இல்லை என்றால்? அங்கேதான் உங்கள் 113 வருகிறது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள். ஐபி முகவரி என்பது குடியிருக்கும் வீட்டின் எண். வீடு மாறினால் எண்ணும் மாறும். மேக் முகவரி பிறவி மச்சம் மாதிரி, தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பிவிடுவார்கள். 48 பிட் நீளம். முதல் 24 பிட் எந்த நிறுவனம் செய்தது என்பதைச் சொல்லும், மீதி அந்த நிறுவனமே போட்ட வரிசை எண். முகவரியே இல்லாத புதுக் கார்டுக்கும் மச்சம் மட்டும் உண்டு.

சரி, உங்கள் கம்ப்யூட்டர் 192.168.1.50 என்ற கருவிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் பொட்டலம், அனுப்ப நினைக்கிறது. ஒரே நெட்வொர்க்குக்குள் பாக்கெட்டை நிஜமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மச்சம்தான், வீட்டு எண் அல்ல. எனவே கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறது: "192.168.1.50 யாரப்பா? உன் மச்சம் என்ன?" உரியவர் மட்டும் பதில் சொல்வார். கம்ப்யூட்டர் அதை ஒரு சின்ன அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளும். இந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் ஏஆர்பி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய சில பக்கக் குறிப்பு அது. இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கூப்பாடு ஓயாமல் நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் நம் கார்டுக்குத் தான்தான் 192.168.1.50 என்று தெரியாதே! கூப்பாடு காதில் விழுந்தாலும் பேசாமல்தான் இருக்கும். மச்சம் தெரியாததால் உங்கள் பாக்கெட் கம்ப்யூட்டரைவிட்டே கிளம்பாது.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரிடமே ஒரு பொய் சொல்கிறோம். அந்த அட்டவணையைத் திறந்து, "192.168.1.50-இன் மச்சம் இதுதான்" என்று கார்டின் மேக் எண்ணை நம் கையாலேயே எழுதிவிடுகிறோம். கையேடு முதலில் அடிக்கச் சொன்ன கட்டளை செய்வது இதைத்தான். பிறகு பிங். கம்ப்யூட்டர் இனி கத்தாது, விடை ஏற்கெனவே கையில் இருக்கிறதே. உறையின் வெளியே கார்டின் மச்சம், உள்ளே 192.168.1.50 என்று எழுதி அனுப்பிவிடும். வழியில் கருவிகளை இணைத்து நிற்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் உள்ளே எட்டிப் பார்க்காது. வெளி உறையைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

உறை கார்டின் கைக்கு வருகிறது. வெளியே பார்க்கிறது: என் மச்சம்தான். பிரிக்கிறது: உள்ளே 192.168.1.50 என்று யாரோ ஒருவரின் வீட்டு எண். வேறு எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் "இது எனக்கு வந்ததில்லை" என்று குப்பையில் போட்டுவிடும். நம் கார்டு அப்படிச் செய்யாது. உறை எனக்குத்தான் வந்திருக்கிறது, எனக்கென்று இன்னும் வீட்டு எண் கிடையாது, கடிதத்தின் நீளமும் சரியாக 113 பைட். அப்படியானால் இதுதான் என் எண்! எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த முகவரியிலிருந்தே பதிலும் போடுகிறது. கொஞ்சம் முன்பு நீங்கள் அட்டவணையில் எழுதிய பொய், அந்தக் கணத்தில் உண்மையாகிவிடுகிறது. எத்தனை தடவை செய்திருந்தாலும், அந்த முதல் பதில் திரையில் வந்து விழும்போது எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

இனி 113. விண்டோஸில் சும்மா பிங் அடித்தால் 32 பைட் போகும். யூனிக்ஸ், லினக்ஸ் வகையறாவில் 56. இந்த அளவுகளை அடையாளமாக வைத்திருந்தால், யாரோ வழக்கமாகத் தட்டும் பிங்கையெல்லாம் முகவரி சூட்டும் கட்டளையாகக் கார்டு எடுத்துக்கொண்டுவிடும். அதனால் தற்செயலாக யாரும் அனுப்பாத ஒரு நீளம் வேண்டும். 113 பைட், அதன் மேல் பிங்குக்கான தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஆக 141 பைட். ஈதர்நெட் உறையின் 14 பைட்டைச் சேர்த்தால் 155. கதவை மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு தட்டுவதுபோல ஒரு சங்கேதம், அவ்வளவுதான். ஆக்சிஸ் நிறுவனத்தின் பழைய நெட்வொர்க் கேமராக்களிலும் இதே வித்தை இருந்தது. அங்கே சங்கேதம் 408 பைட்.

இந்த வித்தை ஒரே நெட்வொர்க்குக்குள்தான் பலிக்கும். நடுவில் ரவுட்டர் வந்தால் அது வெளி உறையைக் கிழித்துவிட்டுப் புது உறை போடும், நீங்கள் எழுதிய மச்சம் அதோடு போய்விடும். ஆகவே முதல் தடவை பக்கத்தில் போயே ஆக வேண்டும். அப்புறம்தான் தூரத்திலிருந்து ஆளலாம்.

அப்படித் தூரத்திலிருந்து ஆள, முகவரியோடு இன்னும் இரண்டு எண்களை நிரப்ப வேண்டும். சப்நெட் மாஸ்க் என்பது எதுவரை நம் தெரு என்று காட்டுவது. கேட்வே என்பது தெருவைவிட்டு வெளியே போகும் வாசல். கேட்வேயில் தப்பு இருந்தால் அதே அறையிலிருந்து எல்லாம் ஜோராக வேலை செய்யும், வீட்டுக்குப் போய் முயன்றால் கார்டு வாயே திறக்காது. அமெரிக்கன் பவர் கன்வெர்ஷன் கார்டுகளில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒன்பதரை நிமிஷம் எந்தப் பாக்கெட்டும் வரவில்லை என்றால், தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டுக் கார்டு தன் நெட்வொர்க் பகுதியைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். அந்த நிலை வராமலிருக்க நாலரை நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்க்கும். இல்லாத கேட்வேயை எழுதி வைத்தீர்கள் என்றால், ஆளரவமற்ற நெட்வொர்க்கில் கார்டு அவ்வப்போது காணாமல் போய்த் திரும்பி வரும். யூபிஎஸ் கொடுக்கும் மின்சாரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கார்டு கெட்டுவிட்டது என்று நாம்தான் புதிது வாங்கிவிடுவோம்.

என் கதை இதைவிட மோசம். பல வருஷங்களுக்கு முன், வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பவர் ஸ்ட்ரிப்பின் ஐந்தாம் பிளக்கை அணைத்தேன். அதில்தான் பழைய சர்வர் இருக்கிறது என்று நினைப்பு. இருந்தது நெட்வொர்க் ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் நானே உள்ளே வந்திருந்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. இனி "போடு" என்று சொல்ல வழியில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உட்கார்ந்த கிளையை வெட்டுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பிற்பாடுதான் மெனுவில் "அணை" என்பதற்குக் கீழேயே இருந்த "அணைத்துப் போடு" என்ற கட்டளையைக் கவனித்தேன். அதில் காத்திருக்கும் நொடிகளை எண்ணுவதும் மறுபடி போடுவதும் கருவியின் பொறுப்பு. நடுவில் நம் தொடர்பு அறுந்தாலும் அது பாட்டுக்கு வேலையை முடிக்கும்.

கடைசியாகப் பாஸ்வேர்டு. "என் யூபிஎஸ்ஸின் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை இந்தத் துறையில் கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, இணையத்தின் மொத்த ஐபிவி4 முகவரிகளையும் (மேலே பார்த்ததுபோல நான்கு எண்களால் ஆனவை) 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றும் வேகமான இணைப்பும் போதும். 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனின் மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், சுமார் 2,25,000 பேருக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அந்தத் தாக்குதலில், நிறுவனங்களின் சொந்த யூபிஎஸ்களையும் தொலைவிலிருந்தே அணைந்துபோகும்படி அமைத்துவைத்திருந்தார்கள். நெருக்கடியில் கைகொடுக்க வேண்டிய பெட்டியையே முதலில் ஊமையாக்குவது எவ்வளவு குரூரமான யோசனை! 2022 மார்ச்சில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து, இணையத்தில் திறந்து கிடக்கும் யூபிஎஸ்களைப் பற்றி எச்சரித்தன. இப்படித் திறந்து கிடந்த யூபிஎஸ்களுக்குள் திருடர்கள் நுழைந்த வழி பெரும்பாலும் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய, யாரும் மாற்றாத பெயரும் பாஸ்வேர்டும்தான். ஆராய்ச்சி விண்ணப்பத்தில் செயற்கை நுண்ணறிவு என்று எழுதினால் பணத்தைக் கொட்டிக்கொடுப்பவர்கள், இந்த மாதிரிச் சலிப்பூட்டும் பெட்டிகளை ஆராயப் பணம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

ஆக, உங்கள் கார்டுக்கு முகவரி கிடைத்த அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். டெல்நெட்டை அணைத்து எஸ்எஸ்எச்சைத் திறந்துவிடுங்கள். இரண்டுமே தூரத்திலிருந்து கார்டுக்குக் கட்டளை கொடுக்கும் வழிகள்தான். டெல்நெட்டில் பாஸ்வேர்டு திறந்த அஞ்சலட்டையில் எழுதினாற்போலப் போகும். கருவிகளின் நிலையைக் கேட்டறியும் மொழியான எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகளில் 'பப்ளிக்' என்ற சொல்லே சாவியாக இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள், முடிந்தால் மூன்றாம் பதிப்புக்கே போய்விடுங்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் வாருங்கள். இத்தனையும் முடிந்தபின் ஒரு ஆனந்தம் காத்திருக்கிறது. 1.3.6.1.2.1.33.1.2.3.0 என்ற எண் வரிசையின் மதிப்பை எஸ்என்எம்பியில் கேட்டுப் பாருங்கள். 1994-இல் வகுத்த பொதுவிதியைப் பின்பற்றும் எந்த நிறுவனத்தின் யூபிஎஸ்ஸும், பேட்டரி இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று ஒரே ஒரு எண்ணால் பதில் சொல்லும்.

இன்னொன்று. மேக் எண் அச்சடித்த ஸ்டிக்கர் பல கார்டுகளில் பலகையின் மேலேயே இருக்கும், செருகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த கார்டைச் செருகுவதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.