பிழையூட்டுத் தாக்குதல்

செய்திகளை ரகசியக் குறியீடாக்கும் மறையாக்கச் சில்லுகளைப் பற்றிப் புதுச்சேரியில் தமிழில் பேசுவோரிடமும் எழுதுவோரிடமும் 'குறைபாட்டுத் தாக்குதல்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. சில்லின் கணக்கை வேண்டுமென்றே தவறவைத்து அதன் ரகசியத்தைக் கவரும் 'ஃபால்ட் அட்டாக்' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து வைத்ததன் விளைவு இது.

'ஃபால்ட்' லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் அது 'ஃபோத்'. நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு எழுத்துப்பிழையைக் குறிக்கும் சொல்லாக அது நன்கு தெரியும். இத்தாக்குதலையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அச்சொல்லாலேயே குறிக்கிறார்கள்.

குறைபாடு என்றால் ஒரு பொருளில் முன்பே தங்கியிருப்பது. இங்கோ சில்லு செம்மையாக இயங்கிக்கொண்டிருக்க, தாக்குபவர் மின்னழுத்தத்தை நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தாழ்த்துகிறார், அல்லது சில்லின் வேலையை ஒழுங்குபடுத்தும் கடிகாரத் துடிப்பைக் குலைக்கிறார். கணக்கின் ஒரு படி மட்டும் தவறுகிறது, அடுத்த கணம் சில்லு பழையபடி இயங்குகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கோரோபோகாடோவும் ராஸ் ஆண்டர்சனும் 2002-இல் 30 டாலருக்கு வாங்கிய பழைய கேமரா ஃபிளாஷைக் கொண்டே சில்லின் நினைவகத்தில் பிட்டை மாற்றிக் காட்டினார்கள். அந்தத் தவறான விடைதான் தாக்குபவருக்கு வேண்டியது. கணக்கை இரு பாதியாகப் பிரித்து விரைவாக்கும் சீன மீதித் தேற்றத்தின் வழி, ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில் மின்கையொப்பமிடும் சில்லிலிருந்து ஒரே செய்திக்குச் சரியான கையொப்பம் ஒன்றும், பாதிக் கணக்கில் பிழைபட்ட கையொப்பம் ஒன்றும் கிடைத்தால் போதும். இரண்டின் வேறுபாட்டுக்கும், இரு ரகசியப் பகா எண்களின் பெருக்கலாக எல்லோருக்கும் தெரிய வெளியிடப்படும் பொது எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி காண, ரகசியப் பகா எண் வெளிவந்துவிடும் என்பதை போனே, டிமில்லோ, லிப்டன் மூவரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. 'குறைபாடு' என்று படிக்கும் மாணவர், குறையில்லாத சில்லை வாங்கினால் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வார். கையொப்பத்தை வெளியே விடுமுன் சில்லே அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற உண்மையான காப்பு அவர் நினைவுக்கே வராது. ஒரு சொல் இவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை மொழிபெயர்ப்போர் உணர வேண்டும். நிகழ்வது என்னவென்று பாராமல் சொல்லுக்குச் சொல் வைப்பது இத்துறையில் பெருகிவருகிறது.

அப்படியானால் எந்தச் சொல்? 'பழுது' செப்பனிட வேண்டியதைக் குறிக்கும். நன்னூலில் வரும் 'வழு' அழகான சொல். ஆயினும் தமிழ்க் கணினியுலகில் அது மென்பொருளின் 'பக்' என்பதற்கு நிலைத்துவிட்டது. எஞ்சுவது பிழை. பிழைத்தல் என்பதற்குத் தவறுதல், உயிர் தப்புதல் என்று இரு பொருளும் உண்டு. தவறியும் கெடாமல் நிற்கும் சில்லுக்கு இதைவிடப் பொருந்தும் வினை இல்லை.

வெறும் 'பிழைத் தாக்குதல்' என்றால் தாக்குதலே பிழையானது என்றும் கொள்ள இடமுண்டு. ஆகவே மின்னூட்டம், நஞ்சூட்டல் போல, வெளியிலிருந்து ஒருவர் செய்வதைக் காட்டும் 'ஊட்டு' சேர வேண்டும். மின்னழுத்தப் பிழையூட்டல், கடிகாரப் பிழையூட்டல், ஒளிப் பிழையூட்டல் என வகைகளுக்கும் அது இயல்பாக விரிகிறது.