மனை அப்ரூவ்டுதான் என்கிறார்கள். அப்ரூவல் கொடுத்தது யார்?

நிலம் வாங்குவதற்கு முன் பத்திரங்களைப் பார்த்துச் சட்டக் கருத்து சொல்வது என் தொழில். ஃபைலோடு வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, ‘அப்ரூவல் யார் கொடுத்தது?’ என்பதைத்தான். ‘பட்டா இருக்கு சார்’ என்பார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல் சார்’ என்பார்கள். ‘பக்கத்து மனை போன மாசம்தான் ரிஜிஸ்டர் ஆச்சு’ என்பதும் அடிக்கடி வரும் பதில். மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றில் எதுவும் மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் ஆகாது.

தமிழ்நாட்டில் ஒரு நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கான அனுமதி, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அதைப் பார்ப்பது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்பதையெல்லாம் பார்த்து அவர்கள் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறார்கள். விற்பவர் சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகு உள்ளாட்சி இறுதி அங்கீகாரம் வழங்குகிறது. ஊராட்சிக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல், தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் விழுந்த தாளுக்கு மதிப்பில்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஊரெங்கும் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.

பட்டா வருவாய்த் துறை ஆவணம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு அது ஆதாரம். அங்கே வீட்டுமனை போடலாமா என்பதற்கு அல்ல.

பத்திரப் பதிவு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இங்கே நடைமுறைக்கு வந்தது. அனுமதி பெறாத மனையைப் பதிவு அலுவலர் பதிவு செய்யக் கூடாது என்பது விதி. ஆனால் அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடியும் பதியலாம் என்று விலக்கும் அதிலேயே இருக்கிறது. ஆகவே 2005-இல் பதிவான ஓர் அங்கீகாரமற்ற மனை இன்றைக்கும் கைமாறலாம். பத்திரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கைக்கு வரும். வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகிறபோதுதான் பிரச்சினை முன்னால் வந்து நிற்கும்.

அப்ரூவல் எண் இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. ஒரு தாயும் மகனும் ஒருமுறை வந்தார்கள். அப்பாவின் பணிக்கொடையில் மனை வாங்கத் திட்டம். மகன் கையில் லேஅவுட் ஜெராக்ஸ், அப்ரூவல் எண், முத்திரை எல்லாம் இருந்தது. எண் சரியான எண்தான். ஆனால் ஜெராக்ஸின் வடகிழக்கு மூலையில் நான்கு மனைகளின் எண்கள் மட்டும் மற்ற எண்களைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் இருந்தன. அங்கே கோடுகளும் கொஞ்சம் தடிமன். அங்கீகாரக் கடிதத்தில் மொத்த மனைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் நான்கு குறைந்தது. உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிட்ட வரைபடத்தை வாங்கச் சொன்னேன். வந்து பார்த்தால், அந்த மூலை பூங்கா. அவர்களுக்குப் பேசி வைத்திருந்த மனை அந்த நான்கில் ஒன்று.

‘அட்வான்ஸ் கொடுத்துட்டியாம்மா?’ என்றேன். ‘டோக்கன் மட்டும்தான் சார்’ என்றார். எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைப்பிரிவில் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வது அதைத்தான். தானம் கொடுத்த அந்த இடம் பொதுச்சொத்து. அதை விலை கொடுத்து வாங்கியவருக்குக் கையில் நிற்பது வெறும் தாள்தான்.

அதனால் விற்பவர் தருகிற நகலை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளாட்சியிலோ கேட்டு, வரைபடத்தையும் அதனுடன் வரும் நிபந்தனைக் கடிதத்தையும் நீங்களே பெறுங்கள். புல எண்கள் மூலப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, உங்கள் மனை எண்ணின் நீள அகலம் கிரையப் பத்திரத்தில் அப்படியே இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். சாலை வரைபடத்தில் முப்பதடி, நேரில் இருபதடி என்றால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

‘அப்ரூவலுக்கு அப்ளை பண்ணியாச்சு, இப்போ புக் பண்ணினா விலை குறைவு’ என்று ஆசை காட்டினால், எழுந்து வந்துவிடுவதே நல்லது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதோ முன்பதிவு வாங்குவதோ 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கூடாது. பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணை யாரும் தேடிப் பார்க்கலாம்.

பண்ணை நிலம் என்று சென்ட் கணக்கில் பிரித்து விற்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பதிவாவது விவசாய நிலமாக. நிலப் பயன்பாட்டு மாற்றம் பெறாமல் அதை வீட்டுமனையாகப் பயன்படுத்த முடியாது.

ஏற்கெனவே அங்கீகாரமற்ற மனையை வாங்கிவிட்டவர்களுக்கு 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகள், அதாவது அப்படிப்பட்ட மனைகளைப் பின்னால் முறைப்படுத்தும் விதிகள், இருக்கின்றன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கே அது பொருந்தும். நீர்நிலைக்கும் அரசு நிலத்துக்கும் பொருந்தாது. முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மனைக்கும் கட்டணம் கட்டித் தனி ஆணை வாங்க வேண்டும். முதல் கட்டம் முடிந்த செய்தியைக் கேட்டு, தங்கள் மனையும் வரன்முறையாகிவிட்டது என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய. உங்கள் பெயரும் மனை எண்ணும் போட்ட ஆணை கையில் இருக்கிறதா என்று இன்றே பீரோவைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால், கட்டணம் கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.