மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்

"கிட்னி நல்லா வேலை செய்யுது டாக்டர், உடம்பு ஏத்துக்கிச்சு. அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது? இந்த வாரமும் ஒருவர் முகமும் காலும் வீங்கி வந்தார். மறுபடி டயாலிசிஸ்.

உங்கள் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மாத்திரைதான் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது. பத்து வருடம் போனாலும் அது அந்நிய உறுப்புதான். மாத்திரையே இல்லாமல் உறுப்பு நிலைக்க ஆய்வுகள் நடக்கின்றன, உண்மை. அவை தேர்ந்தெடுத்த சிலருக்கு, கடும் கண்காணிப்பில் நடப்பவை. வீட்டில் செய்து பார்க்கிற காரியமல்ல.

1954-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழு செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணமே, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பதுதான். மற்றவர்களுக்கு அறுவை நன்றாக முடிந்தும் உறுப்பு நிலைக்கவில்லை. 1980-களில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வரும்வரை, இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் கிட்டத்தட்ட பாதி முதல் வருடத்திலேயே போய்விடும். இன்று 100-க்கு 90-க்கு மேல் அந்த வருடத்தைத் தாண்டுகின்றன. அதே வேலையைச் செய்யும், உங்களில் பலர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984-ல் கண்டறியப்பட்டது. குறைந்த அளவே போதும், சிறுநீரகமும் நன்றாக இருக்கும் என்று 2007-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆக, குறைக்க வேண்டியதை ஆய்வாளர்களே குறைத்துத்தான் தந்திருக்கிறார்கள். அதற்கும் கீழே நீங்கள் குறைத்தால் மிச்சம் என்ன?

"கிரியாட்டினின் நார்மல்தானே?" என்பார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது; ரத்தத்தில் அது ஏறும்போது உள்ளே பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். சிறுநீர் நன்றாகப் போவதும் அத்தாட்சி அல்ல.

சரி, செய்ய வேண்டியதைக் கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை. டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்னாடியே போட்டுவிட்டு வந்தால் அந்த ரிப்போர்ட் எங்களுக்கு உதவாது. பூஞ்சை மருந்து, காசநோய் மருந்து, சில ஆன்டிபயாடிக், மூலிகை எதுவானாலும் எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள். சில மருந்து ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும், சில இறக்கும். பேதியானாலும் அளவு மாறும், உடனே சொல்லுங்கள். வேறு பிராண்ட் கொடுத்தாலும் அப்படித்தான்.

கை நடுங்குகிறதா, முடி கொட்டுகிறதா, வாங்கப் பணம் இல்லையா? வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைச் சரிசெய்யலாம், வேறு வழியும் தேடலாம். நிறுத்துவதற்கு முன்னால் வாருங்கள், தயவுசெய்து.